பத்து ஸ்டாப் ஃபில்டர் வாங்கலாமா? மலை ஓடையைப் படமெடுக்க என்னென்ன வழி

அடுத்த வாரம் வால்பாறை போகிறேன் என்று சித்தப்பா மகன் போன் செய்தான். அவன் கேமரா வாங்கி ஆறு மாதம் ஆகிறது. “அண்ணா, ஓடைத் தண்ணி பால் மாதிரி வரணும். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒண்ணு ஆர்டர் போட்டுரட்டுமா?”

“பொறுடா, போடாதே” என்றேன். ஏன் என்று போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என்டி ஃபில்டர் என்பது வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸில் மாட்டும் கண்ணாடி. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும், பத்து ஸ்டாப் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெளிச்சம் குறையக் குறைய ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம், ஓடும் தண்ணீர் இழைந்து பால் மாதிரித் தெரியும். ஆனால் அவன் கணக்கில் ஒரு தப்பு இருந்தது. நானும் முதலில் அதே தப்பைச் செய்தவன்தான். பெரிய ஃபில்டர்களைச் சிபாரிசு செய்கிற வீடியோக்களில் பாதிக்கு மேல் வெட்டவெளியிலோ கடற்கரையிலோ எடுத்தவை. நம் மலை ஓடைகளோ சோலைக்குள் ஓடுகின்றன. மேகம் கவிந்த காலையில் சோலைக்குள் கேமராவை நிறுத்தினால், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிது) வைத்தபோதே கேமராவின் ஒளி மீட்டர் கால் விநாடி ஷட்டர் பக்கம் காட்டும். எந்த ஃபில்டரும் இல்லாமலே தண்ணீர் இழைய ஆரம்பித்துவிடும். அந்த இடத்தில் பத்து ஸ்டாப் ஃபில்டரை மாட்டினால் கால் விநாடி ஆயிரம் மடங்காகி நாலு நிமிடத்தைத் தாண்டும். நாலு நிமிடத்தில் தண்ணீர் பால் ஆகுமோ இல்லையோ, பாறை இடுக்கில் இருக்கும் பெரணிச் செடி ஆடி ஆடிப் பச்சைப் புகையாகிவிடும்.

அவனுக்கு நான் சொன்ன வரிசை இது: முதலில் பளபளப்பை நீக்கும் சிபிஎல் எனப்படும் போலரைசர் ஃபில்டர், கூடவே ஆடாத ஒரு ட்ரைபாட். ஆறு ஸ்டாப் என்டி பிறகு. பத்து ஸ்டாப் வாங்காமலே இருந்தாலும் ஓடை எடுப்பவருக்கு நஷ்டமில்லை. ஆனால் இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தாது. என்ன மாதிரித் தண்ணீர், அது படத்தில் எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பொறுத்து மாறும்.

தண்ணீர் எப்படித் தெரிய வேண்டும்?

குற்றாலத்திலிருந்து ஆரம்பிப்போம். சீசன் களைகட்டிய பின் பேரருவி முன்னால் நின்று பாருங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, நிரம்பிப் பொங்கி, அப்புறம்தான் குளிப்பவர்கள் தலைமேல் இறங்குகிறது. அங்கே கண்ணைப் பிடித்து இழுப்பது தண்ணீரின் அடி. தோளில் பட்டுச் சிதறும் தெறிப்பு, கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும் முகம். இதை அரை விநாடியில் எடுத்தால் ஒரு வெள்ளை வேட்டியும் அதற்குள் தலையில்லாத நாலு உருவமும் கிடைக்கும். 1/1000 அல்லது அதைவிட வேகமாக எடுத்தால்தான் ஒவ்வொரு துளியும் உடைந்த கண்ணாடி மாதிரி தனித்தனியாகத் தெறிக்கும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: குளிக்கிறவர்களை, குறிப்பாகப் பெண்களை, கேட்காமல் எடுக்காதீர்கள். தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் எடுத்தாலும் அது தப்புதான். கூட வந்த மாமாவோ நண்பரோ நனையச் சம்மதித்தால் அவர் போதும்.

வேகமான ஷட்டருக்கு ஃபில்டர் செலவு இல்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், வெளிச்சம் செலவாகும். சோலை நிழலில் எஃப் 4 லென்ஸில் 1/1000 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 3200 வரை ஏற்ற வேண்டியிருக்கும். எஃப் 2.8 என்றால் 1600. புது கேமராக்களுக்கு இது பிரச்சினை இல்லை. கேமராவோடு வரும் பழைய கிட் லென்ஸை முழு ஜூமில் வைத்தால் எஃப் 5.6தான், அங்கே 6400 ஆகிவிடும், புள்ளி புள்ளியாக நாய்ஸ் தெரியும். துளிகளை நிறுத்த ஆசைப்பட்டால் வெளிச்சமுள்ள திறந்த அருவியாகப் பார்த்துப் போவது மேல்.

ஒரு சின்னக் கணக்கு. ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, கீழே வரும்போது விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/1000 விநாடியில் அது ஒரு சென்டிமீட்டர் நகரும், 1/250 விநாடியில் நாலு. அரை விநாடி திறந்து வைத்தால் விழுந்த உயரத்தில் முக்கால் பங்கு ஒரே கோடாகிவிடும். ஆனால் வால்பாறைக் கூழாங்கல் ஆற்றைப் பாருங்கள். மழை ஓய்ந்த மாதங்களில் அது ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகிறது. அங்கே அரை விநாடிக்குத் தண்ணீர் அரை மீட்டர்தான் நகரும். அருவியில் பட்டுத்துணியாகிற அதே அரை விநாடி, இங்கே மெல்லிய கோடுகளாகத்தான் வரும். அதனால் “தண்ணீருக்கு இத்தனை விநாடி” என்று ஒரே எண்ணை மனப்பாடம் செய்து பயனில்லை.

தூரமும் கணக்கில் சேரும். கொடைக்கானல் மலைச்சாலையில் ஏறும்போது பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் தலையாறு அருவி தெரியும். எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். 297 மீட்டர் உயரம், ஆனால் சாலையிலிருந்து பார்த்தால் பாறையில் தொங்கும் ஒரு நூல். அந்த நூலை 1/500 விநாடியில் எடுத்தாலும் ஒரு விநாடியில் எடுத்தாலும் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே ட்ரைபாடைப் பிரித்து, ஃபில்டரை மாட்டிக்கொண்டு நிற்பது வீண் வேலை. நீளமான லென்ஸும் மேகம் விலகும்வரை காத்திருக்கும் பொறுமையும் இருந்தால் போதும். குன்னூர் டால்பின் நோஸிலிருந்து தெரியும் கேத்தரின் அருவிக்கும் இதே கதைதான்.

எனக்குப் பிடித்தது கால் விநாடியிலிருந்து ஒரு விநாடி வரை உள்ள இடம். தண்ணீர் இழையும், ஆனால் பாறையைச் சுற்றி அது எப்படி வளைந்தது, எங்கே முட்டித் திரும்பியது என்பதெல்லாம் கோடுகளாக மிஞ்சியிருக்கும். மூன்று விநாடியைத் தாண்டினால் அந்தக் கோடுகளும் கரைந்து, பாறை இடுக்கில் பஞ்சு அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. பலருக்கு அது பிடிக்கும். எனக்கு ஒரு தடவைக்கு மேல் பார்க்க முடியவில்லை. மோசமானது 1/30 பக்கம். துளியும் நிற்காது, கோடும் நீளாது, கை ஆடிவிட்டதோ என்று பார்ப்பவர் சந்தேகப்படுவார்.

நீண்ட நேரம் உண்மையிலேயே வேண்டிய ஓர் இடம் உண்டு. அருவிக்குக் கீழே தேங்கிய கசத்தில் நுரையும் சருகும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு அது வெறும் அழுக்கு. பத்து, பதினைந்து விநாடி திறந்து வைத்தால் நுரை வட்டம் வட்டமாகக் கோலம் போட்டுவிடும். நான் ஆறு ஸ்டாப் ஃபில்டரைப் பையிலிருந்து எடுப்பது பெரும்பாலும் இந்தக் கோலத்துக்குத்தான்.

பால் மாதிரித் தண்ணீர் ஏதோ புது மோஸ்தர் என்று சிலர் நினைக்கிறார்கள். சாமுவேல் போர்ன் 1860களில் இந்தியாவின் மலைகளைப் படமெடுத்துத் திரிந்தபோது, கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டிய காலம். தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்க விநாடிக்கணக்கில் ஆகும். அன்றைக்கு அருவியை வெள்ளைத் துணியாக அல்லாமல் வேறு எப்படியும் எடுக்க முடியாது. துளியை நிறுத்துவதுதான் பின்னால் வந்த புதுமை.

எந்த ஃபில்டர்?

கையில் காசு இல்லாத காலத்தில் நானும் அப்பர்ச்சரை எஃப் 22க்கு மூடித்தான் தண்ணீரை இழைத்தேன். செலவில்லாத வழி. ஆனால் துளை அவ்வளவு சிறியதானால் ஒளி ஓரங்களில் வளைந்து படம் முழுவதும் கொஞ்சம் மழுங்கிவிடும். தண்ணீர் மென்மையாக இருக்கட்டும் என்றால் பாறையும் பாசியும் சேர்ந்து மென்மையாகும். ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் எஃப் 11, கட்டாயம் என்றால் எஃப் 16 வரை போகலாம். அதற்கு மேல் போவதைவிட மேகம் வரும்வரை ஒரு டீ குடிக்கலாம்.

இப்போது சிபிஎல். இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், இது செய்கிற வேலையைக் கம்ப்யூட்டரில் பின்னால் செய்ய முடியாது. நனைந்த பாறை, நனைந்த இலை, தண்ணீரின் மேல்தோல் எல்லாம் வானத்தை வெள்ளையாகத் திருப்பி அடிக்கும். ஃபில்டரின் வளையத்தைத் திருகினால் அந்த வெள்ளை விலகி, பாறைக்குக் கருமையும் பாசிக்குப் பச்சையும் திரும்பி வரும். ஆழமில்லாத இடத்தில் அடியில் கிடக்கும் கல் தெரியும். கூழாங்கல் ஆற்றை இது இல்லாமல் எடுத்தால் கூழாங்கல்லே இருக்காது, வானம்தான் இருக்கும். தண்ணீரை நேர் மேலிருந்து பார்த்தாலோ மிகத் தாழ்வாகப் பார்த்தாலோ இதன் பலன் குறையும். தண்ணீர்ப் பரப்புக்கு 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது மிக அதிகம். அதற்காகக் கோணமானியெல்லாம் வேண்டாம், நின்றபடி ஆறேழு அடி தள்ளி இருக்கும் தண்ணீரைப் பார்க்கிற பார்வைதான் அது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. சிபிஎல் தானே ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்கிறது. சோலைக்குள் கால் விநாடி இருந்தது முக்கால், ஒரு விநாடி என்றாகும். நான் மேலே சொன்ன இடம் அதுதானே? ஒரே கண்ணாடியில் இரண்டு வேலை முடிந்தது.

ஆனால் இதை எப்போதும் முழுசாகத் திருகி வைக்கக் கூடாது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒருநாள் காலை, வெயில் முதுகுக்குப் பின்னால், அருவியின் சாரலில் அருமையான வானவில். எடுத்து எடுத்துப் பார்க்கிறேன், திரையில் வானவில்லைக் காணோம். பக்கத்தில் நின்ற பையன் போனில் எடுத்துவிட்டு எனக்கே காட்டினான். வானவில்லின் ஒளியும் போலரைஸ் ஆனது, சிபிஎல் அதைத் துடைத்துவிடும். வளையத்தை இன்னும் கால் சுற்று திருப்பியிருந்தால் அதே வானவில் இன்னும் அழுத்தமாக வந்திருக்கும். அது புரிவதற்குள் வெயில் மேகத்துக்குள் போய்விட்டது. அதேபோல, எதிர்ச் சரிவில் காலை வெயில் பட்டு அந்தப் பொன் நிறம் ஓடையில் விழுந்திருக்கும்போது சிபிஎல்லைத் தளர்த்திவிடுங்கள். அந்தப் பிரதிபலிப்புதான் படமே.

என்டி ஃபில்டர் வெறும் கறுப்புக் கண்ணாடி. மூன்று ஸ்டாப், ஆறு ஸ்டாப், பத்து ஸ்டாப் என்று கிடைக்கும். டப்பாவில் என்டி 8, என்டி 64, என்டி 1000 என்று போட்டிருப்பார்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் சுமார் 1/100. என்டி 8 போட்டால் 1/12 வரை இறங்கும், போதாது. என்டி 64 போட்டால் அரை விநாடிக்குக் கொஞ்சம் மேல், சரியாக இருக்கும். என்டி 1000 போட்டால் பத்து விநாடி. ஆக, வெயிலில்கூட ஓடைக்கு ஆறு ஸ்டாப்தான் பொருத்தம். மூன்று ஸ்டாப் ஃபில்டர் சோலைக்குள் பயன்படலாம், ஆனால் அங்கே சிபிஎல்லே அந்த வேலையைப் பாதி செய்துவிடுகிறதே. பத்து ஸ்டாப் ஏரிக்கும் கடலுக்கும் மேக ஓட்டத்துக்கும் உரியது. ஊட்டி ஏரியில் பட்டப்பகலில் அலையைத் தட்டையாக்க ஆசை இருந்தால் வாங்குங்கள்.

அப்படியும் வெயிலில் எடுப்பது எனக்கு உவப்பில்லை. மரங்களுக்கு நடுவே ஓடும் ஓடையில் வெயில் விழுந்தால் திட்டுத் திட்டாக விழும். ஒரு பக்கம் வெளுத்துப்போன நுரை, மறு பக்கம் கரிக் கருப்பு. ஃபில்டர் ஷட்டர் நேரத்தைத்தான் நீட்டும், இந்தத் திட்டுகளை ஒன்றும் செய்யாது. காலை எட்டு மணிக்கு முன்னாலோ மேகம் மூடியபோதோ போவது எந்த ஃபில்டரையும்விட அதிகம் உதவும், காசும் கேட்காது.

வேரியபிள் என்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். திருகத் திருகக் கறுப்பு கூடும், ஒரே ஃபில்டரில் எல்லாம் முடிந்தது என்று விற்கிறார்கள். வீடியோ எடுப்பவர்களுக்கு அது நிஜமாகவே வசதி. புகைப்படத்துக்கு எனக்கு அது ஒத்துவரவில்லை. உள்ளே இரண்டு போலரைசர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அகலக் கோண லென்ஸில் கடைசிவரை திருகினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி கறுப்பு நிழல் விழும். ஏற்காடு கிளியூர் அருவியில் ஒரு காலை முழுவதும் அப்படி எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். கேமராவின் சின்னத் திரையில் அதை மர நிழல் என்று நினைத்திருக்கிறேன். இரண்டாவது குறை, பாறைப் பளபளப்பை நம் இஷ்டத்துக்கு நீக்க முடியாது. வளையத்தைத் திருகினால் வெளிச்சமும் சேர்ந்து மாறும்.

எதை வாங்கினாலும் உங்களிடம் உள்ள லென்ஸ்களில் வாய் அகலமானதற்கு வாங்குங்கள். சிறிய லென்ஸ்களுக்கு, பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் ரிங் போட்டுக்கொள்ளலாம், அது மலிவு. பித்தளை வளையம் கிடைத்தால் நல்லது. அலுமினிய வளையம் குளிரில் இறுகிக்கொண்டு, மலை உச்சியில் கழற்ற வராமல் பாடுபடுத்தும். அப்படி மாட்டிக்கொண்டால் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, அழுத்தாமல் திருகிப் பாருங்கள். ஆறு ஸ்டாப்புக்கு மேல் மாட்டினால் ஃபோகஸை முதலிலேயே பிடித்து மேனுவலுக்கு மாற்றிவிட வேண்டும், கறுப்புக்குள் சில கேமராக்கள் ஃபோகஸைத் தேடித் திணறும்.

சில கேமராக்களில் இந்த வேலை உள்ளேயே இருக்கிறது. ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100வி-யில் நாலு ஸ்டாப் என்டி உள்ளேயே உண்டு, ரிக்கோ ஜிஆர் 3-ல் இரண்டு ஸ்டாப். ஒலிம்பஸ் 2019ல் இ-எம்1எக்ஸ் கேமராவில் லைவ் என்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பல படங்களை எடுத்து உள்ளேயே ஒன்றாகச் சேர்த்து, ஃபில்டர் போட்ட மாதிரித் தருகிறது. இதில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் என்டி செலவே வேண்டாம். சிபிஎல் மட்டும் வேண்டும், பளபளப்பை நீக்க எந்த மென்பொருளும் இன்னும் சரியாகக் கற்கவில்லை.

ட்ரைபாட், கை, போன்

கொல்லிமலை ஆகாய கங்கைக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது மூன்று கிலோ ட்ரைபாட் ஒன்றும் தெரியாது. ஏறும்போது ஒவ்வொரு படியிலும் தெரியும். ஆனால் எடை குறைந்த மலிவு ட்ரைபாட் ஓடைக்குள் நிற்கவே நிற்காது. தண்ணீர் காலைத் தள்ளத் தள்ள அது நடுங்கும், கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். என் வழி: நடுக் கம்பத்தை உயர்த்துவதில்லை, கால்களை அகலமாக விரித்துத் தாழ்வாக வைக்கிறேன், கம்பத்தின் கொக்கியில் பையை மாட்டிவிடுகிறேன். பை காற்றில் ஆடாமல் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். பட்டனை அழுத்தும் அதிர்வு போக இரண்டு விநாடி டைமர் போதும், தனியாக ரிமோட் வேண்டாம்.

பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) உள்ள புது மிரர்லெஸ் கேமராக்களில், அகலக் கோணத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை விநாடி வரை கையிலேயே எடுக்க முடிகிறது. பத்தில் நாலு தெளிவாக வந்தால் போதும் என்று தொடர்ச்சியாக எடுங்கள். முழங்கையைப் பாறையில் ஊன்றினால் ஆறு வரும். ஆகாய கங்கைக்கு நான் இப்போது இப்படித்தான் போகிறேன். அங்கே இன்னொரு தொந்தரவும் உண்டு: உயரத்திலிருந்து விழும் தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, தூரத்தில் நின்றாலும் லென்ஸில் சாரல் அடிக்கும். ட்ரைபாடில் நீண்ட நேரம் திறந்து வைத்தால் அந்த நேரத்துக்குள் ஃபில்டரில் நாலு துளி உட்கார்ந்துவிடும். குடை பிடிக்க ஒரு ஆளும் சட்டைப் பையில் நாலு மைக்ரோஃபைபர் துணியும் இருந்தால் சமாளிக்கலாம். கைக்குட்டையால் துடைக்காதீர்கள்.

போனைக் கேவலமாக நினைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்து, பிறகு லாங் எக்ஸ்போஷர் என்று மாற்றினால் சுமார் மூன்று விநாடிக் காட்சியைச் சேர்த்துத் தண்ணீரை இழைத்துத் தருகிறது. 2017லிருந்து இந்த வசதி இருக்கிறது. பிக்சல் போன்களில் 2021ல் வந்த பிக்சல் 6 முதல் இதற்கென்றே ஒரு மோட் இருக்கிறது. குறை என்ன? எத்தனை விநாடி என்பது நம் கையில் இல்லை. ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். பெரிதாக அச்சிட்டால் பாறையின் நுணுக்கம் குறைவாகத் தெரியும். வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் போடுகிறவருக்கு இதெல்லாம் ஒரு குறையா? கொடைக்கானல் போகிற வழியில் வெள்ளி அருவிக்கு பஸ் பத்து நிமிடம் நிற்கும். சுற்றிக் கடை, குரங்கு, செல்ஃபிக் கூட்டம். அங்கே ட்ரைபாட் விரிக்க நினைப்பவரை நான் தடுப்பேன். போனை ஒரு கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்து எடுத்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

போனுக்கு ஒரு தந்திரம்: போலரைஸ்டு கூலிங்கிளாஸ் இருந்தால் அதன் ஒரு கண்ணாடியை போன் லென்ஸுக்கு முன்னால் பிடித்து, சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் தண்ணீரின் பளபளப்பு சட்டென்று மறையும். நிறம் கொஞ்சம் மாறும், அதைப் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். காசு போட்டு சிபிஎல் வாங்கும் முன் அது என்ன செய்யும் என்று பார்க்கவும் இதுவே வழி.

எப்போது, எங்கே

குற்றாலத்துக்கும் வால்பாறைக்கும் தென்மேற்குப் பருவமழை, அதாவது ஜூன் முதல் செப்டம்பர். கொல்லிமலை, ஏற்காடு, சிறுமலை பக்கம் அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்கு மழைதான் ஓடையை நிரப்பும். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பயணம் வைத்து, வெறும் பாறையைப் படமெடுத்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் தண்ணீர் அதிகம் என்றால் படம் நன்றாக இருக்கும் என்று அர்த்தமில்லை. கொட்டும் மழை நாட்களில் ஓடை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு டீ நிறத்தில் வரும். அதை ஒரு விநாடி இழைத்தால் பெரிய டிகாஷன் வடிகட்டி மாதிரி இருக்கும். அந்த நாளில் வேகமான ஷட்டர்தான் எடுபடும், சீற்றமாவது தெரியும். மழை நின்று ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போனால் தண்ணீர் தெளிந்திருக்கும், பாசி பச்சையாக இருக்கும், அட்டையும் கொஞ்சம் குறைந்திருக்கும். சோலைக்காடு மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசிய விடுவதால், மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான ஓடைகள் ஜனவரியிலும் ஓடிக்கொண்டிருக்கும். என் நல்ல படங்களில் பெரும்பாலானவை டிசம்பர், ஜனவரியில் எடுத்தவைதான். குற்றாலப் பேரருவிகூடத் தண்ணீர் குறைந்த நாளில்தான் பாறையில் செதுக்கியிருக்கும் லிங்கங்களைக் காட்டும்.

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் வண்டியில் போக முடியும். காட்டுக்குள் இருக்கும் ஓடை என்றால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். ட்ரைபாடைப் பார்த்தால் சினிமா ஷூட்டிங்கா என்று கேட்பார்கள், பொறுமையாகப் பதில் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ட்ரோனைக் காட்டினால் விடமாட்டார்கள், விடக் கூடாதுதான்.

படமெடுக்கிறவனுக்கு உள்ள தனி ஆபத்து, அவன் கண் முழுக்கத் திரையில் இருக்கும் என்பது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இல்லாமலே மேலே பெய்த மழை இறங்கிவரும். தெளிந்திருந்த தண்ணீர் கலங்கினால், சருகும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வந்தால், இரைச்சலின் சத்தம் மாறினால், ட்ரைபாடை மடக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கேமரா போனால் போகட்டும். நடு ஓடையில் பாறைமேல் நின்று பதினைந்து விநாடி எக்ஸ்போஷர் எடுக்க ஆசைப்படுவதை நான் விட்டுவிட்டதற்கும் இதுதான் காரணம். கரையில் நின்றே எடுக்கக் கூடிய வளைவு ஒன்று கொஞ்சம் தள்ளி எப்படியும் இருக்கும்.

திரும்பி வந்ததும் கேமராவைப் பையிலேயே கொஞ்ச நேரம் விடுங்கள். மலைக் குளிரில் ஊறிய லென்ஸைச் சமவெளிப் புழுக்கத்தில் சட்டென்று வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்த்துவிடும். அப்படியே டப்பாவில் பூட்டி வைத்தால் சில மாதத்தில் உள்ளே பூஞ்சை வலை பின்னும். சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பா ஒன்று, எந்த என்டி ஃபில்டரையும்விட முதலில் வாங்க வேண்டியது.

தம்பி கடைசியில் 67 மி.மீ. சிபிஎல் ஒன்று வாங்கினான். ட்ரைபாடுக்குக் காசு பற்றவில்லை என்று என்னுடையதை எடுத்துப் போனான். கூழாங்கல் ஆற்றில் முக்கால் விநாடியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தான். முன்னால் அடியில் கிடக்கும் கற்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன, பின்னால் தண்ணீர் பாறையைச் சுற்றி இரண்டு கோடாகப் பிரிந்து போகிறது. ட்ரைபாட் இன்னும் திரும்பி வரவில்லை. கால் பூட்டுகளில் மணல் ஏறியிருக்கும், நல்ல தண்ணீரில் கழுவி வைக்கச் சொல்ல வேண்டும்.